கேஸ் காற்றில் போக வேண்டாம்: ஏசி, ஃப்ரிட்ஜ் கேள்வி-பதில்

ஏசி, ஃப்ரிட்ஜ், பால் குளிரூட்டி ஆகியவற்றை நீண்ட காலம் உழைக்க வைப்பது, உள்ளே இருக்கும் வாயுவைத் திரும்ப எடுப்பது, கடைசியில் பிரித்துப் போடுவது குறித்து வந்த கேள்விகளில் தேர்ந்தெடுத்தவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் வீட்டு ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசிக்கு ஏழு வயது. ஒவ்வொரு சித்திரையிலும் மெக்கானிக் வந்து ‘கேஸ் குறைஞ்சிருக்கு’ என்று நிரப்பிவிட்டுப் போகிறார். வருடா வருடம் கேஸ் போடத்தான் வேண்டுமா?
— தூத்துக்குடி வாசகர்

வேண்டாம். ஏசியில் இருக்கும் கேஸ், வண்டியில் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அளவு குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை விட்டுவிட்டு மேலும் கேஸ் நிரப்புவது, உங்கள் காசைக் காற்றில் விடுவதுதான்.

அதைவிடப் பெரிய சேதம் கம்ப்ரஸருக்கு. திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான் கம்ப்ரஸருக்குள் இருக்கும் மோட்டாரைக் குளிர்விக்கிறது. கேஸ் குறைவாக ஓடினால் மோட்டார் சூடேறும், எண்ணெய் கருகும், வைண்டிங் போகும். சித்திரையில் நிரப்பிய கேஸ் மாசியில் குறைந்துபோயிருக்கும் ஏசி, வருடத்தில் பல மாதங்கள் இந்தச் சூட்டில்தான் ஓடுகிறது.

ஓட்டை பெரும்பாலும் நான்கு இடங்களில் இருக்கும்: குழாய் சேரும் ஃப்ளேர் நட்டுகள், கேஸ் ஏற்றும் வால்வின் உள்ளிருக்கும் பின், இன்டோர் காயிலின் வளைவுகள், அவுட்டோர் காயில். உங்கள் ஊர் கடற்கரை என்பதால் அவுட்டோர் காயிலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உப்புக் காற்றின் ஈரத்தில் செம்புக்குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றையொன்று தொடும் இடம் மின்கலம் போல வேலை செய்து அலுமினியம் அரித்துப்போகும். தகடு வெள்ளை மாவாக உதிர்ந்தால் அரிப்பு முற்றிவிட்டது. இன்டோர் காயிலில் எறும்புப் புற்றுபோல நுண்ணிய ஓட்டைகள் விழுந்தால் காரணம் வேறு: புதுப் பெயின்ட், பிளைவுட் பசை, சில துப்புரவுத் திரவங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் கரிம அமிலங்கள் செம்பைத் துளைக்கின்றன.

மெக்கானிக்கிடம் இந்த வரிசையில் வேலை கேளுங்கள். மிச்சமிருக்கும் கேஸை வெளியே விடாமல் ரெகவரி மெஷினால் சிலிண்டரில் எடுக்க வேண்டும். பிறகு ரெகுலேட்டர் வைத்து உலர் நைட்ரஜனை ஏற்ற வேண்டும். ஆர்-22 வகைக் கேஸ் உள்ள மெஷினுக்கு 250, ஆர்-410ஏ, ஆர்-32 வகைக் கேஸ் உள்ளதற்கு 400 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், மெஷின் தகட்டில் போட்டிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டாமல். ஆக்ஸிஜன் சிலிண்டரை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அழுத்தமான ஆக்ஸிஜன் கம்ப்ரஸர் எண்ணெயைத் தொட்டால் வெடிக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்து, கேஜை ஒரு மணி நேரமாவது அப்படியே வைத்து, முள் இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். வெயில் மாறினாலும் முள் கொஞ்சம் அசையும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஓட்டை ஃப்ளேரில், அதாவது நட்டுக்குள் உட்காரும் குழாயின் விரித்த நுனியில், என்றால் நுனியை வெட்டிப் புதிதாக விரிக்க வேண்டும். நட்டை மேலும் இறுக்கினால் ஃப்ளேர் கிழியும். குழாயில் என்றால் பற்றவைக்கும்போது உள்ளே மெல்லிதாக நைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் செம்பின் உள்பக்கம் கரும்பொடி படிந்து, பின்னர் கேஸ் போகும் ஒடுங்கிய வழிகளான கேபிலரியையோ எக்ஸ்பான்ஷன் வால்வையோ அடைக்கும். உப்பு அரித்த காயிலில் ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வரும். அந்தக் காயிலை மட்டும் மாற்றினால் போதும், முழு ஏசியை அல்ல.

அடுத்தது, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப். உள்ளழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, வால்வை மூடிப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மைக்ரான் கேஜில் எண் ஏறி 1,500, 2,000 பக்கம் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓட்டை இன்னும் இருக்கிறது. கடைசியில், தகட்டில் எழுதியிருக்கும் எடைக்கு, தராசில் வைத்து கேஸ் ஏற்ற வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் வேகம் மாற மாற அழுத்தமும் மாறும் என்பதால், கேஜ் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றுவது அங்கே சரிப்படாது.

பில்லில் இரண்டு விவரம் எழுதி வாங்குங்கள்: ஓட்டை எந்த இடத்தில் இருந்தது, எத்தனை கிராம் கேஸ் ஏற்றப்பட்டது. அதோடு அவுட்டோர் காயிலை மாதம் ஒருமுறை மெல்லிய பீச்சில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஆசிட் கலந்த கிளீனர் வேண்டாம்.

வீடு மாறுகிறோம். ஏசியைக் கழற்றும்போது கேஸ் முழுவதும் போய்விடும், புது வீட்டில் மறுபடி நிரப்ப வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
— மதுரை வாசகி

ஏசி ஓடும் நிலையில் இருந்தால் கேஸ் வீணாகப் போக வேண்டியதில்லை. கேஸை ஏறக்குறைய முழுவதும் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே அடைத்துக் கொண்டுபோகலாம். மெக்கானிக்குகள் இதை ‘பம்ப் டவுன்’ என்பார்கள்.

ஏசியைக் கூலிங்கில் பத்து நிமிடம் ஓட விட வேண்டும். இன்வெர்ட்டர் என்றால் மேனுவலில் சொல்லியிருக்கும் ‘ஃபோர்ஸ்டு கூலிங்’ நிலையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்ரஸர் நடுவில் வேகத்தைக் குறைத்துவிடும். தடித்த குழாய்ப் பக்கம் உள்ள சர்வீஸ் போர்ட்டில் கேஜைப் பொருத்தி, மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் முழுவதும் மூட வேண்டும். கேஜ் முள் இறங்கத் தொடங்கும். பூஜ்யத்துக்குச் சற்று மேலே வந்ததும் தடித்த குழாயின் வால்வை மூடி, உடனே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். சாதாரண வீட்டு ஏசிக்கு இது சில நிமிட வேலை.

ஆபத்து எங்கே என்றும் சொல்லிவிட வேண்டும். முள் பூஜ்யத்தைத் தாண்டி வேக்கத்துக்குப் போனபிறகும் கம்ப்ரஸரை ஓட்டினாலோ, ஓடும்போதே நட்டைத் தளர்த்தினாலோ, உள்ளே காற்று புகும். காற்றும் எண்ணெயும் சேர்ந்து கம்ப்ரஸருக்குள் அழுத்தப்படும்போது, டீசல் இன்ஜினில் நடப்பது போலத் தானே தீப்பிடிக்கும். அவுட்டோர் யூனிட் வெடிக்கும். ஏற்கெனவே ஓட்டை உள்ள ஏசியில் பம்ப் டவுன் செய்யக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அதற்கும், கம்ப்ரஸர் ஓடாத ஏசிக்கும் ரெகவரி மெஷின்தான் வழி.

செம்புக்குழாயையும் எடுத்துச் செல்லலாம். நசுங்கல் இல்லாமல் இருக்க வேண்டும், கழற்றியதும் இரு முனைகளையும் அடைத்துவிட வேண்டும். புது இடத்தில் முனையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டிப் புது ஃப்ளேர் போட்டு, டார்க் ரெஞ்சால் இறுக்குவது நல்லது: கால் அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை அங்குலத்துக்கு 50 முதல் 60 வரை. அவுட்டோரிலிருந்து கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் குழாயிலுள்ள காற்றைத் தள்ளும் பழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். அதில் ஈரம் முழுதாகப் போகாது. ஆர்-32, ஆர்-410ஏ மெஷின்களில் இருக்கும் பாலியோலெஸ்டர் எண்ணெய் ஈரத்தைச் சட்டென உறிஞ்சி, சூட்டில் அமிலமாக மாறும். வேக்கம் போட்டுவிட்டு வால்வைத் திறக்கச் சொல்லுங்கள்.

ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கழற்றும் கேஸைத் திரும்ப எடுத்து மறுபடி பயன்படுத்த என்னென்ன வேண்டும்? இதில் வருமானம் உண்டா?
— ஈரோடு வாசகர்

இந்தக் கேள்வியைக் கேட்கும் கடைக்காரர்கள் பெருக வேண்டும் என்று விரும்புகிறோம். இந்தியாவில் ஆர்-22 கொண்டு புதிய சாதனம் தயாரிப்பது 2025 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டது. 2030-க்குப் பிறகு அந்த வாயு சர்வீசுக்கென மிகச் சிறு அளவிலேயே அனுமதிக்கப்படும். ஆர்-32, ஆர்-410ஏ, ஆர்-134ஏ அடங்கிய எச்.எஃப்.சி. வகைக்கு, 2021-இல் இந்தியா ஏற்ற கிகாலி திருத்தத்தின்படி 2028-இல் உச்சவரம்பு வருகிறது. 2032-இலிருந்து படிப்படியாகக் குறைப்பு, 2047-க்குள் 85 விழுக்காடு. ஊரெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஆர்-22 ஏசிகளை இனி உயிரோடு வைக்கப்போவது, உங்களைப் போன்றவர்கள் எடுத்துச் சேர்க்கும் கேஸ்தான். வருமானம் அங்கே இருக்கிறது.

வேண்டியவை: ரெகவரி மெஷின், திரும்ப நிரப்பத்தக்க இரட்டை வால்வு ரெகவரி சிலிண்டர்கள், ஐந்து கிராம் துல்லியமுள்ள தராசு, மேனிஃபோல்டு கேஜ், வேக்கம் பம்ப், ஃபில்டர் டிரையர், எண்ணெய் அமிலச் சோதனைக் கிட். மெஷின் வாங்கும்போது ஆர்-32-க்கு ஏற்றதா என்று பாருங்கள். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை. சுவிட்சில் பொறி பறக்கும் பழைய மெஷின் ஆகாது. சிலிண்டர் வெடிபொருள் பாதுகாப்புத் துறையான பெசோவின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தத் தரும் மெல்லிய சிலிண்டரில் மறுபடி கேஸ் அடைக்கவே கூடாது. அதன் வால்வும் சுவரும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல.

சிலிண்டரில் எவ்வளவு எடுக்கலாம் என்பதில் கவனம் வேண்டும். திரவம் சூட்டில் விரியும். இடமில்லாமல் நிறைந்த சிலிண்டர் வெயிலில் கிடந்தால் பிளக்கும். கணக்கு இது: சிலிண்டரின் நீர்க் கொள்ளளவு × 0.8 × திரவ அடர்த்தி. 12 லிட்டர் சிலிண்டரில், 25 டிகிரி அடர்த்தியை வைத்துப் பார்த்தால், ஆர்-22 ஏறக்குறைய 11.4 கிலோ, ஆர்-410ஏ 10 கிலோ, ஆர்-32 ஏறக்குறைய 9 கிலோ. சிலிண்டர் தராசின் மேல் நிற்கும்போதே கேஸ் ஏற வேண்டும். வெறும் சிலிண்டரின் எடையைக் கழுத்தில் அச்சடித்திருப்பார்கள்.

புதுச் சிலிண்டரை முதலில் வேக்கம் போடுங்கள். ஒரு சிலிண்டருக்கு ஒரே வகைக் கேஸ். பெயரைப் பெயின்டால் எழுதுங்கள். இரண்டு கேஸ் கலந்துவிட்டால் கடையில் வைத்துப் பிரிக்க வழியே இல்லை, அழிப்பதற்குத்தான் அனுப்ப வேண்டும். எடுத்த கேஸ் வீணாவதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம். முதலில் திரவத்தை எடுத்து, பிறகு ஆவியை எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். மெஷின் திணறினால் சிலிண்டரை ஈரத்துணியோ தண்ணீர்த் தொட்டியோ கொண்டு குளிர்வியுங்கள். உள்ளழுத்தம் குறைந்து கேஸ் வேகமாக இறங்கும்.

எடுத்த கேஸ் நல்லதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. சிலிண்டரை நிழலில் சில மணி நேரம் வைத்து, அதன் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் குறியுங்கள். 35 டிகிரியில் ஆர்-22 ஏறக்குறைய 182 பி.எஸ்.ஐ., ஆர்-32 ஏறக்குறைய 303 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். பத்துப் பதினைந்து கூடுதலாகக் காட்டினால் காற்று கலந்திருக்கிறது. எண்ணெயில் அமிலம் இல்லை, கேஜ் பட்டியலோடு ஒத்துப்போகிறது என்றால், ஃபில்டர் டிரையர் வழியாக ஓட்டி அதே வாடிக்கையாளரின் மெஷினில் திரும்ப ஏற்றலாம். கம்ப்ரஸர் எரிந்த மெஷினிலிருந்து எடுத்ததை அப்படி ஏற்றக் கூடாது, இன்னொருவருக்கு விற்கவும் கூடாது. அது ஏ.எச்.ஆர்.ஐ.-700 என்ற தூய்மைத் தரத்துக்கு வடித்துத் தரும் நிலையத்துக்குப் போக வேண்டும். தனிக் கடைக்கு அங்கே ஐந்து கிலோ அனுப்புவது கட்டுப்படியாகாது. ஊரிலுள்ள நாலைந்து கடைகள் சேர்ந்து ஒரு மெஷினும் ஒரு சேமிப்பும் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பழைய ஆர்-22 ஏசியில் எல்.பி.ஜி. நிரப்பினால் நன்றாகக் குளிரும், சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்கிறார்களே?
— வேலூர் வாசகர்

செய்யாதீர்கள். எல்.பி.ஜி.யில் உள்ள புரொப்பேன் நல்ல குளிரூட்டிதான். ஆர்-290 என்ற பெயரில் அதற்காகவே வடிவமைத்த ஏசிகள் விற்பனையில் உள்ளன. அவற்றில் கேஸ் அளவு முந்நூறு, நானூறு கிராம் பக்கம்தான், மின்பாகங்கள் பொறி பறக்காதபடி அமைக்கப்பட்டவை. உங்கள் ஆர்-22 ஏசியில் அந்த ஏற்பாடு எதுவும் இல்லை. ஒரு கன மீட்டர் காற்றில் 38 கிராம் புரொப்பேன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அறை முழுவதும் சராசரி குறைவாக இருந்தாலும் கட்டிலடியில் அந்த அளவை எட்டிவிடும். சமையல் சிலிண்டரில் பியூட்டேன், வாசனைக்காகச் சேர்த்த கந்தகச் சேர்மம், ஈரம் எல்லாம் உண்டு என்பதால் மெஷினும் கெடும்.

2009-இல் வாங்கிய ஃப்ரிட்ஜ். கதவு ரப்பர் விட்டுப்போய், உள்ளே ஐஸ் கட்டுகிறது. சரிசெய்யலாமா, புதிது வாங்கலாமா?
— கும்பகோணம் வாசகி

முதலில் ரப்பர். ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடிமானம் இல்லாமல் வழுக்கி வரும் இடங்களில் காற்று புகுகிறது. அந்த ஈரம்தான் உள்ளே ஐஸாகிறது. ரப்பர் கிழியாமல் மடங்கியிருந்தால் சோப்புத் தண்ணீரால் துடைத்து, வெந்நீரில் நனைத்த துணியாலோ ஹேர் டிரையராலோ சூடாக்கி நீவிவிட்டு, ஓர் இரவு கதவை மூடி வைத்தால் பழைய வடிவுக்கு வரும். கிழிந்திருந்தால் மாடல் எண்ணைச் சொல்லிக் காந்தப் பட்டையோடு கூடிய புது ரப்பர் வாங்குங்கள். கதவு கீழே இறங்கியிருந்தால் கீலையும் நேர்செய்ய வேண்டும், இல்லையென்றால் புது ரப்பரும் உட்காராது. பின்பக்கக் கருப்புக் கம்பி வலையில் தூசி துடைத்து, சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள்.

உங்களுடையது ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்றால், ரப்பர் நன்றாக இருந்தும் ஐஸ் கட்டலாம். ஐஸை உருக்கும் ஹீட்டர், அதை இயக்கும் பைமெட்டல், டைமர் ஆகிய மூன்றில் ஒன்று போயிருக்கும். மூன்றுமே விலை குறைந்த பாகங்கள். இதற்காக ஃப்ரிட்ஜையே மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

அதன்பின் கணக்கு. பிளக்கில் செருகும் யூனிட் மீட்டரை 24 மணி நேரம் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக 1.6 யூனிட் காட்டினால் ஆண்டுக்கு 584 யூனிட். அதே கொள்ளளவில் புது ஃப்ரிட்ஜின் நட்சத்திர வில்லையில் ஆண்டுக்கு 200 என்று இருந்தால் வித்தியாசம் 384. இரண்டு மாதத்துக்கு 64 யூனிட்; அதை உங்கள் பில்லின் கடைசிப் படிநிலைக் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். ஐந்தாறு ஆண்டில் புதிதின் விலை திரும்பும் என்றால் மாற்றுவது நியாயம். ரப்பரை மாற்றிய பிறகு மீட்டர் 0.9 காட்டினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றினால் பழையதை மாடியில் ‘கூடுதல் ஃப்ரிட்ஜ்’ ஆக ஓட்டாதீர்கள். மிச்சப்படுத்திய யூனிட்டெல்லாம் அங்கே போய்விடும்.

புது ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ என்ற தீப்பிடிக்கும் கேஸ், முப்பது முதல் அறுபது கிராம்தான். அதைச் சரிசெய்ய வருபவர் நெருப்பு டார்ச்சோடு வந்தால் நிறுத்துங்கள். அழுத்திப் பொருத்தும் வளையத்தால் இணைக்க வேண்டும். கேஸை ஓரிரு கிராம் துல்லியத்தில் எடை போட்டு ஏற்ற வேண்டும்.

ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடையில்) பழைய ஏசிக்கு நல்ல விலை தருகிறார்கள். அங்கே கொடுத்தால் என்ன?
— நாகர்கோவில் வாசகர்

அவர்கள் விலை தருவது செம்புக்கும் கம்ப்ரஸருக்கும். குழாயை வெட்டிய நொடியில் கேஸ் போய்விடும். ஒரு பழைய ஒன்றரை டன் ஏசியில் 1.2 கிலோ ஆர்-22 இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 1,810 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எனவே அந்த ஒரு வெட்டு 2.17 டன் கரியமில வாயுவுக்குச் சமம். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது என்பதால், அது மூவாயிரம் யூனிட் மின்சாரம் எரித்ததற்கு ஒப்பு. அந்த ஏசி ஓடிய காலமெல்லாம் நீங்கள் 26 டிகிரியில் வைத்துச் சிக்கனம் செய்ததில் பெரும்பகுதி ஒரு வெட்டில் கரைந்துபோகும். ஆர்-22 ஓசோன் படலத்தையும் அரிக்கும்.

2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் ஏசியையும் ஃப்ரிட்ஜையும் உள்ளடக்கியவை. தயாரிப்பாளர்கள் 2023-24-இல் 60 விழுக்காட்டில் தொடங்கி, 2027-28 முதல் 80 விழுக்காடு மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் மறுசுழற்சிச் சான்றிதழ் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் எடையை வைத்தே தரப்படுகிறது. அந்த உலோகக் கணக்கில் கேஸ் சேராது. எனவே கேஸைப் பற்றி நீங்களே கேட்க வேண்டியிருக்கிறது: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ, எக்ஸ்சேஞ்சில் எடுக்கும் கடையிடமோ, ‘கேஸை எப்படி எடுக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். நடைமுறையில் மிக எளிய வழி, ரெகவரி மெஷின் உள்ள மெக்கானிக்கை வைத்துக் கேஸை எடுத்துவிட்டு, பிறகு கூட்டைக் கொடுப்பது.

ஃப்ரிட்ஜுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதன் சுவருக்குள் இருக்கும் ஃபோமை ஊதவும் வாயுதான் பயன்பட்டது. 2003-க்கு முந்தைய பல ஃப்ரிட்ஜ்களில் சி.எஃப்.சி.-11, பின்னர் எச்.சி.எஃப்.சி.-141பி, இப்போது சைக்ளோபென்டேன். கோடாரியால் உடைத்துத் திறந்தவெளியில் எரித்தால் அது முழுவதும் மேலே போகும். மூடிய அறையில் நொறுக்கி வாயுவை உறிஞ்சும் ஆலை உள்ள இடத்தில்தான் இதை முறையாகப் பிரிக்க முடியும்.

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் ஆயிரம் லிட்டர் பால் குளிரூட்டி இருக்கிறது. கேன் கழுவ வெந்நீருக்கு விறகும் ஹீட்டரும் பயன்படுத்துகிறோம். குளிரூட்டியின் பின்னால் வரும் சூட்டைப் பிடிக்க முடியுமா?
— சேலம் மாவட்ட வாசகர்

முடியும். நல்ல கணக்கும் இருக்கிறது. ஆயிரம் லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 35 யூனிட் (கிலோவாட்மணி) வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். அதற்குக் கம்ப்ரஸர் ஏறக்குறைய 12 யூனிட் மின்சாரம் எடுக்கும். ஆக மொத்தம் 46, 47 யூனிட் வெப்பம், சூட்டை வெளியேற்றும் காயிலான கண்டென்சர் வழியாகக் காற்றில் போகிறது.

கம்ப்ரஸருக்கும் கண்டென்சருக்கும் நடுவே ஒரு வெப்பமாற்றியைப் பொருத்தினால், சூடான கேஸ் முதலில் தண்ணீரைச் சூடாக்கிவிட்டுப் பிறகு கண்டென்சருக்குப் போகும். இப்படி 55 டிகிரித் தண்ணீராகப் பிடிக்கக்கூடியது மொத்த வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு போல, அதாவது ஏறக்குறைய 9 யூனிட். 30 டிகிரித் தண்ணீரை 55-க்கு ஏற்ற லிட்டருக்கு 29 வாட்மணி வேண்டும். எனவே ஒரு முறை பால் குளிரும்போது முந்நூறு லிட்டர் வெந்நீர் கிடைக்கும். அதைவிட அதிக வெப்பம் பிடிக்கலாம். ஆனால் தண்ணீர் 40 டிகிரிப் பக்கம்தான் நிற்கும். காரம் போட்டுக் கழுவ 70, 80 டிகிரி வேண்டுமென்றால் மீதியை ஹீட்டர் ஏற்றட்டும். 30-இலிருந்து ஏற்றும் செலவில் பாதியோ அதற்கும் குறைவோதான் 55-இலிருந்து ஏற்ற ஆகும்.

கெடும் இடங்கள் இவை. வெப்பமாற்றி இரட்டைச் சுவர் உள்ளதாக இருக்க வேண்டும். ஒற்றைச் சுவர் ஓட்டையானால் கேஸும் எண்ணெயும் கழுவும் தண்ணீரில் கலக்கும். உங்கள் பகுதிப் போர்வெல் தண்ணீர் உப்பு மிகுந்தது என்றால் உள்ளே சுண்ணாம்பு படியும். 60 டிகிரிக்கு மேல் போக விடாமல், மென்னீராக்கி வைத்து, ஆண்டுக்கொரு முறை சிட்ரிக் அமிலக் கரைசலைச் சுற்றவிட்டுக் கழுவுங்கள். வெந்நீர்த் தொட்டிக்குக் காப்புறை இல்லையென்றால் காலையில் பிடித்த சூடு மாலைக்குள் ஆறிவிடும். மெஷினில் என்ன கேஸ் என்றும் பாருங்கள். ஆர்-404ஏ என்றால் அதன் வெப்பமூட்டும் திறன் கரியமில வாயுவைப் போல 3,900 மடங்குக்கு மேல். வெப்பமாற்றி பொருத்தக் குழாயைத் திறக்கும் அன்று கேஸை ரெகவரி செய்து எடுத்து, வேலை முடிந்ததும் அதையே திரும்ப ஏற்றச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பழைய சீலிங் ஃபேனுக்குக் காயில் கட்டுவது லாபமா?
— திருப்பூர் வாசகி

தினமும் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் அறைக்கு லாபமில்லை. பழையது 75 வாட், பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் பக்கம்; நாளுக்கு அரை யூனிட் வித்தியாசம். விருந்தினர் அறை ஃபேனுக்கு மட்டும் காயில் கட்டுங்கள். வேகம் மட்டும் குறைந்திருந்தால் கெபாசிட்டரை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

புது ஏசி வாங்கப்போகிறோம். பத்துப் பதினைந்து வருடம் உழைக்க எதைக் கவனிக்க வேண்டும்?
— திருச்சி வாசகர்

நட்சத்திரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அதோடு இன்வெர்ட்டர் போர்டையும் கேளுங்கள். இன்வெர்ட்டர் ஏசிகள் இளவயதில் குப்பைக்குப் போவதற்கு அவுட்டோர் போர்டு ஒரு முக்கியக் காரணம். அது தனியாகக் கிடைக்குமா, எத்தனை ஆண்டு வரை, என்ன விலை என்று எழுத்தில் வாங்குங்கள். போர்டின் மேல் பிசின் ஊற்றி அடைத்திருந்தால் ஊர் டெக்னீஷியனால் பழுது பார்க்க முடியாது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில், சில நிறுவனங்கள் உதிரிபாகம், சர்வீஸ் விவரங்களைத் தந்திருக்கின்றன, வாங்குமுன் பாருங்கள்.

கேஸ் ஆர்-32 என்றால் புவியை வெப்பமூட்டும் திறன் கரியமில வாயுவைப் போல 675 மடங்கு, ஆர்-290 என்றால் 3 மடங்கு. ஆர்-410ஏ-வுக்கு 2,088 என்பதால் அதைத் தவிருங்கள். டன்னைத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை என்றால் முதலில் மாடியில் வெள்ளைக் குளிர்ப்பூச்சு அடியுங்கள், பிறகு அளவெடுக்கச் சொல்லுங்கள். ஒன்றரை டன் தேவைப்பட்ட அறைக்கு ஒரு டன் போதும் என்று ஆகக்கூடும். அவுட்டோர் யூனிட்டை மனிதர் நின்று வேலை பார்க்கக்கூடிய இடத்தில் வையுங்கள். மூன்றாம் மாடிச் சுவரில் கயிறு கட்டித் தொங்கினால்தான் எட்டும் என்ற இடத்தில் வைத்த மெஷினுக்கு எந்த மெக்கானிக்கும் நைட்ரஜன் சிலிண்டரும் தராசும் தூக்கிக்கொண்டு ஏற மாட்டார். இரண்டு நிமிடம் கேஸ் ஏற்றிவிட்டு இறங்கிவிடுவார்.